எல்லாரும் வேறு, ஒவ்வொருவரும் வேறு

பாடசாலை அதிபரின் கடமை யாது? நேரசூசி வகுப்பதும் ஒழுங்கு காப்பதுமே என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்வியாளர் இவ்வினாவுக்கு எழுத்திலே விடை கண்டனர். 1996ஆம் ஆண்டில் பாடசாலைத் தலைவர்களுக்கென ஆறு நியமங்களை வகுத்தனர். 2008இல் அவற்றைத் திருத்தினர். 2015இல் நியமங்கள் பத்தாயின.

தொகையிலும் பார்க்கச் சொல்லில் நேர்ந்த மாற்றமே நம் கருத்தைக் கவர்வது. முதல் ஏடு எல்லா மாணவரின் வெற்றியையும் நாடியது. 2008இல் 'எல்லா' என்பது 'ஒவ்வொரு' ஆயிற்று. 2015இல் கல்வி வெற்றியோடு மாணவரின் நலமும் சேர்ந்தது. 500 பிள்ளைகளுள் 450 பேர் சித்தியெய்தினால், நூற்றுக்குத் தொண்ணூறு என்று மகிழ்கிறோம். எஞ்சிய 50 பேர் அக்கணக்கிலே மறைந்துவிடுகின்றனர். 'ஒவ்வொரு' என்னும் சொல்லோ அவர்களைப் பெயர் சொல்லித் தேடச் செய்கிறது.

இவ்வேட்டை வீட்டிலிருந்தே படிக்கலாமே, தொழில்சார் மகாநாடு எதற்கு என்று கேட்கலாம். செய்யவேண்டியது யாது என்பதை நியமம் சொல்லும். செய்யும் வகையைச் செய்து பார்த்தவரே சொல்லவல்லவர். பெற்றாரையும் ஊராரையும் பாடசாலையோடு இணைக்கவேண்டும் என்கிறது எட்டாவது நியமம். மாலைவரை வேலைக்குச் செல்லும் தாயை எந்த நேரத்திற் சந்திப்பது? அடிக்கடி வராதிருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு யாரை அனுப்புவது? இத்தகைய வினாக்களுக்கு அதிபர்கள் கூடுமிடத்திலே ஒருவரிடமிருந்து ஒருவர் விடை கற்கலாம்.

மகாநாட்டினின்று மீளும் அதிபர் அந்த 50 பேரின் பெயர்களை முதலிலே கையிலெடுப்பாராயின், சென்ற செலவு வீணாகவில்லை என்று நாம் கொள்ளலாம்.