ஊரைத் தாளில் படிப்போம்

நாகர்கோவிலிலிருந்து ஓர் அம்மா ரயிலில் திருவனந்தபுரம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். தலைமைச் செயலகத்துக்குப் போக வேண்டும். கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பையில் நகரத்தின் வரைபடம் ஒன்று மடித்து வைத்திருக்கிறார். அதை விரிக்கிறார். கோடுகள், வண்ணங்கள், பெயர்கள். எங்கே தொடங்குவது?

முதலில் திசை. பெரும்பாலான வரைபடங்களில் தாளின் மேல் பக்கம் வடக்கு. கீழே தெற்கு. வலது கைப் பக்கம் கிழக்கு, இடது கைப் பக்கம் மேற்கு. காலை நேரமானால் வெயில் வரும் பக்கம் கிழக்கு. திருவனந்தபுரத்தில் இன்னொரு அடையாளமும் உண்டு. கடல் மேற்கே, மலை கிழக்கே.

இப்போது தாளைத் திருப்ப வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. தாளை நேராகப் பிடித்துக்கொண்டு தலையைத்தான் திருப்பிப் பார்க்கிறார்கள். தாளின் வடக்கு, நிலத்தின் வடக்கைப் பார்க்க வேண்டும். அப்போது தாளில் வலப்பக்கம் இருப்பது தெருவிலும் வலப்பக்கமே இருக்கும். அந்த அம்மா மேற்கே நடந்து ஓவர்பிரிட்ஜ் சந்திப்புக்கு வருகிறார். இடப்பக்கம் திரும்பினால் கிழக்கேகோட்டை. வலப்பக்கம், அதாவது வடக்கே, திரும்பினால் தலைமைச் செயலகம். அதையும் தாண்டினால் பாளையம்.

எவ்வளவு தூரம்? அதற்குத்தான் அளவு. இந்திய நில அளவைத் துறையின் படங்களில் 1:50,000 என்று எழுதியிருப்பார்கள். தாளில் 1 சென்டிமீட்டர் இருந்தால் நிலத்தில் 50,000 சென்டிமீட்டர் என்று பொருள். அதாவது அரை கிலோமீட்டர். 2 சென்டிமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர். சாலை நேராக இல்லையே, வளைந்து போகிறதே என்று கேட்கலாம். ஒரு நூலை எடுத்துச் சாலையின் வளைவின் மேல் வையுங்கள். பிறகு நூலை நேராக இழுத்து அளந்து பாருங்கள். விடை கிடைத்துவிடும்.

வண்ணங்களும் பேசும். நீலம் தண்ணீர். பச்சை காடு. மஞ்சள் பயிர் செய்யும் நிலம். பழுப்பு நிறத்தில் நெளிந்து நெளிந்து போகும் கோடுகளைச் சமவுயரக் கோடுகள் என்பார்கள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்த்து வரைந்தவை இவை. ஒரு பாத்திரத்தில் பெரிய கல்லை வையுங்கள். ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கல்லைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போடுங்கள். இன்னும் ஒரு விரல் ஊற்றி மறுபடியும் ஒரு கோடு போடுங்கள். மேலிருந்து பாருங்கள். வளையத்துக்குள் வளையம் தெரியும். மலையை வரைவதும் இப்படித்தான். கோடுகள் நெருங்கி இருந்தால் அங்கே செங்குத்தான சரிவு. விலகி இருந்தால் சமமான நிலம். கடற்கரையிலிருந்து கிழக்கே 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை வரை விரலை நகர்த்திப் பாருங்கள். கோடுகள் மேலும் மேலும் நெருங்கும்.

பெருமழை பெய்தால் தம்பானூரில் தண்ணீர் தேங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஏன் தேங்குகிறது? சுற்றிலும் மேடு, தம்பானூர் பள்ளம். நீர் போக வேண்டிய ஆமையிழஞ்சான் தோடு ரயில் நிலையத்துக்கு அடியில் போகிறது. 2015-இல் அரசு ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் வாய்க்கால்களின் மேலிருந்த ஆக்கிரமிப்புகளை அகற்றியது. வாய்க்கால் எது, அதன் மேல் எழுந்த கட்டடம் எது என்பதை வரைபடம் காட்டும்.

கைபேசியிலும் வரைபடம் இருக்கிறதே? இருக்கிறது. நல்ல உதவிதான். ஆனால் அது "வலப்பக்கம் திரும்பு" என்று சொல்லும்போது நாம் திரும்பிவிடுகிறோம். முன்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. 2023 அக்டோபரில் எர்ணாகுளம் மாவட்டத்தில் மழை இரவில் ஒரு கார் பெரியாற்றில் விழுந்தது. இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்து போனார்கள். கைபேசி காட்டிய வழியில் போனதாகச் செய்திகள் வந்தன. 2024 மே மாதம் கோட்டயம் மாவட்டம் குறுப்பந்தறையில் இன்னொரு கார் ஓடையில் இறங்கியது. நல்லவேளை, அதில் வந்த நால்வரும் பிழைத்தார்கள். தாள் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர் கைபேசிப் படத்தையும் அப்படியே படிப்பார். பக்கத்தில் நீலம் இருக்கிறதா என்று அவர் கண் தேடும்.

இந்தப் படங்களை யார் வரைந்தார்கள்? 1802-இல் சென்னையில் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பெரிய நில அளவையைத் தொடங்கினார். கோபுரங்களின் மேல் ஏறியும் அளந்தார்கள். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரு அதிகாரிகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தார்கள்.

அதெல்லாம் அதிகாரிகளின் வேலை. ஊர் மக்களே வரைபடம் வரைந்த கதையும் கேரளத்தில் உண்டு. 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளிலேயே இன்னொரு பணியும் தொடங்கியது. எழுத்தறிவு இயக்கத்தில் உழைத்த சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையமும் அதில் கைகோத்தன. எழுத்தைப் படித்தாயிற்று, இனி நிலத்தைப் படிப்போம் என்று அதை நில எழுத்தறிவு என்றே அழைத்தார்கள்.

தொண்டர்கள் கிராம நில அளவைப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வயல் வயலாக நடந்தார்கள். இங்கே தென்னை, இங்கே தரிசு, இங்கே குளம், இங்கே வற்றிப்போன கிணறு என்று குறித்தார்கள். மண்ணையும் பாறையையும் நிலத்தடி நீரையும் பற்றி விஞ்ஞானிகள் தனிப் படங்கள் வரைந்தார்கள். கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரி பஞ்சாயத்து இப்படிக் கிடைத்த படங்களை வைத்துத் தன் வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டியது. எங்கே குளம் வெட்டலாம் என்ற பேச்சு அங்கே ஊகத்தில் நடக்கவில்லை, படத்தை விரித்து வைத்து நடந்தது.

இன்று இந்தப் படிப்பு ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் கேரளத்தில் டிஜிட்டல் முறையில் நிலத்தை மறுபடி அளக்கிறார்கள். அளந்த பிறகு வரைவுப் படத்தை உரிமையாளர் பார்க்கலாம். தவறு இருந்தால் புகார் கொடுக்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. பார்க்கத் தெரியாமல் தலையாட்டிவிட்டுப் பின்னால் வழக்குக்கு அலைந்தால் செலவு யாருக்கு?

பார்க்க வேண்டியவை அதிகமில்லை. முதலில் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் உங்களுடையவையா என்று பாருங்கள். பிறகு வடக்கு எது என்று கண்டுபிடித்து, நான்கு பக்கமும் யார் நிலம் என்று சரிபாருங்கள். பொதுப் பாதை, தோடு, மூலைக்கல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா? கடைசியாகப் பரப்பு. உங்களுக்குச் சென்ட் கணக்குத்தான் பழக்கம். படத்திலும் பதிவேட்டிலும் ஆர் என்று இருக்கும். 1 ஆர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். ஆகவே 10 சென்ட் நிலம் வைத்திருப்பவர் தன் பெயருக்கு எதிரே 4.05 ஆர் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 3.05 என்று இருந்தால், அங்கேயே அப்போதே கேட்க வேண்டும்.