குளிர் வந்த வழி – 9: காற்று இலவசம், குளிருக்குக் கரி

சென்ற வாரம் பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்த ஐஸ் பாளங்களைச் சென்னை ஐஸ் ஹவுஸில் இறக்கிவிட்டு நின்றோம். அந்த வியாபாரத்தில் குளிர்தான் சரக்கு. உருகியது போக மிஞ்சியதை விற்றார்கள். 1833-இல் கல்கத்தாவுக்கு முதன்முதலாகப் புறப்பட்ட 180 டன்னில் 100 டன் வந்து சேர்ந்ததற்கே ஊர் திரண்டு வேடிக்கை பார்த்தது. சுமார் ஐம்பது ஆண்டு கழித்து, நடுக்கடலில் தானே குளிரை உண்டாக்கிக்கொண்டு இறைச்சியைச் சுமந்து போனது ஒரு பாய்மரக் கப்பல். அதன் பெயர் டுனெடின்.

அன்றைய நியூசிலாந்தில் ஆட்டுக்குப் பஞ்சமில்லை, தின்னத்தான் ஆள் இல்லை. ரோமத்துக்கு விலை உண்டு, கறிக்குக் கிடையாது. கிழட்டு ஆடுகளைக் கொதிக்க வைத்துக் கொழுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கொட்டினார்கள். பூமியின் மறுபக்கத்தில், பிரிட்டனின் ஆலை நகரங்களிலோ கறி விலை ஏறிக்கொண்டே இருந்தது. நடுவில் மூன்று மாதக் கடல், அதற்கும் நடுவில் பூமத்திய ரேகையின் வெயில்.

நியூசிலாந்து–ஆஸ்திரேலியா நிலக் கம்பெனியின் மேலாளர் வில்லியம் டேவிட்சன் இதில் துணிந்து இறங்கினார். டுனெடினின் வயிற்றில் பெல்–கோல்மன் இயந்திரம் ஏறியது. அது வேலை செய்த விதம் எளிமையானது. காற்றை அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டைக் கடல்நீரால் ஆற்றிவிட்டு, காற்றை மறுபடி விரியவிட்டால் உறைநிலைக்கு வெகு கீழே போய்விடும். அந்தக் காற்றையே சரக்கறைக்குள் விட வேண்டியதுதான். ரசாயனம் எதுவும் கிடையாது.

ஒமாரு அருகே டொடாரா பண்ணையில் ஆடுகளை வெட்டி, ரயிலில் போர்ட் சாமர்ஸ் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். உறைய வைத்தது கப்பலில்தான். முதல் உருப்படிகளை டேவிட்சனும், அங்கே கம்பெனியைக் கவனித்துவந்த தாமஸ் பிரைடோனும் தங்கள் கையாலேயே அடுக்கினார்கள். சில நாளில் இயந்திரத்தின் அச்சு முறிந்தது. ஏற்றியதை இறக்கி உள்ளூரிலேயே விற்றுவிட்டு, பழுது பார்த்து மறுபடி தொடங்கினார்கள். 1882 பிப்ரவரி 15 அன்று, உரித்த ஆடுகள் ஏறத்தாழ ஐயாயிரத்துடன் கப்பல் புறப்பட்டது.

வழியெல்லாம் தொல்லை. இயந்திரப் புகைபோக்கியிலிருந்து பறந்த பொறிகள் பாய்களில் விழுந்தன. வெப்ப மண்டலத்தில் அதைவிடப் பெரிய சிக்கல் வந்தது. இயந்திரம் ஓடுகிறது, குளிர்ந்த காற்றும் வருகிறது, ஆனால் சரக்கறையில் அது சரியாகச் சுற்றவில்லை. ஒரு மூலை உறைந்து கிடக்க இன்னொரு மூலை இளகத் தொடங்கினால் அத்தனையும் போச்சு. கேப்டன் ஜான் விட்சன் வேறு யாரையும் அனுப்பவில்லை. காற்றுக் குழாய்க்குள் தானே ஊர்ந்து போய், காற்று வெளியேறப் புதிய துளைகளை அறுத்தார். அறுத்து முடித்தபோது அவருக்குக் கைகால் அசையவில்லை. கயிற்றால் இழுத்து வெளியே போட்டு உயிர்ப்பித்தார்கள்.

98 நாளில் லண்டன். கெட்டுப்போனது ஒரே ஒரு ஆடு. லாபம் 4,700 பவுண்டு.

இந்தப் பயணத்தை வீரக்கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அதன் எரிபொருள் கணக்குதான் பிடித்திருக்கிறது. உலகத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கப்பலைத் தள்ளியது காற்று, அதற்குச் செலவில்லை. குளிருக்கு மட்டும் நாளொன்றுக்குச் சுமார் மூன்று டன் நிலக்கரி. தூரம் இலவசம், குளிருக்குத்தான் விலை. உணவின் பயணத்தைப் பற்றி இன்று பேசுகிற பலரும் கிலோமீட்டரைத்தான் எண்ணுகிறார்கள். குளிரின் செலவை எண்ணுகிறவர்கள் குறைவு.

கிலோமீட்டர் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கும் இதே ஆட்டுக்கறி சாட்சி. நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம் 2006-இல் ஒரு கணக்குப் போட்டது. அங்கே வளர்ந்து கப்பலேறி பிரிட்டனுக்கு வரும் ஒரு டன் கறிக்கு 688 கிலோ கரியமில வாயு. பிரிட்டனிலேயே வளர்ந்த கறிக்கு 2,849 கிலோ. ஆண்டு முழுக்க வெளியே புல் மேயும் ஆட்டுக்கு உரமும் தீவனமும் குறைவு என்பதே காரணம். விற்கிற நாட்டுப் பல்கலைக்கழகம் போட்ட கணக்கு என்பதை மறக்க வேண்டாம். ஆடு ஏப்பத்தில் விடும் மீத்தேனும் அதில் சேரவில்லை. ஆனாலும் கப்பல் பயணம் அந்தத் தட்டில் சின்ன எடைதான் என்பது மாறாது. விமானத்தில் ஏற்றினால் கதையே வேறு.

பெல்–கோல்மன் இயந்திரம் சுத்தமானது, ஆனால் கரியைத் தின்று தீர்த்தது. அதனால் காற்றைக் கைவிட்டு ரசாயனங்களுக்குப் போனார்கள். இருபதாம் நூற்றாண்டில் வந்த ஃப்ரியான் ஓசோன் படலத்தை அரித்தது. 1987 மான்ட்ரியல் உடன்படிக்கை அதை ஓரங்கட்டியது. அதற்கு மாற்றாக வந்த ஆர்–134ஏ ஓசோனைத் தொடவில்லை, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். 2016-இல் கிகாலியில் கூடி அந்த வகையையும் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். இப்போது சில குளிர் கன்டெய்னர்களில் கரியமில வாயுவே குளிரூட்டியாக ஓடுகிறது. நூறாண்டு சுற்றிவிட்டு மறுபடி காற்றிலேயே இருக்கும் ஒரு வாயுவிடம் வந்து நிற்கிறோம்.

துறைமுகத்தில் ‘ரீஃபர்’ என்று சொல்லும் அந்த வெள்ளைப் பெட்டிகள் ஒவ்வொன்றும் தனக்கான இயந்திரத்தைச் சுமந்து திரிகின்றன. கப்பலில் பிளக் குத்தினால் மின்சாரம், சாலையில் டீசல் ஜெனரேட்டர். தரையில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள் வழியாகக் குளிர்காற்று கீழிருந்து மேலே ஏறும். அட்டைப்பெட்டிகளைத் தாறுமாறாக அடுக்கினால் காற்று குறுக்கு வழியில் திரும்பிவிடும். விட்சன் ரம்பத்தோடு போய்த் தீர்த்த அதே சிக்கல்.

இதற்குள் ஒரு வேடிக்கை உண்டு. குளிரைப் பரப்புகிற மின்விசிறி, தான் தின்னும் மின்சாரத்தை வெப்பமாகப் பெட்டிக்குள்ளேயே விடுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற இயந்திரம் கூடுதலாக உழைக்க வேண்டும். நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பழமும் காய்கறியும் வெப்பநிலை சற்றே ஏறி இறங்குவதைத் தாங்கும். ஆகவே விசிறியும் கம்ப்ரசரும் ஓயாமல் ஓட வேண்டாம், விட்டுவிட்டு ஓடினால் போதும். கப்பல் கம்பெனியோடு சேர்ந்து அவர்கள் எழுதிய ‘க்வெஸ்ட்’ மென்பொருள், குளிர் பெட்டிகளின் மின்செலவில் பாதியைக் குறைத்தது. புதிய இரும்பு வேண்டியிருக்கவில்லை, பழைய பெட்டிக்குப் புதிய கட்டளை போதுமானதாக இருந்தது. பெட்டியின் வெப்பநிலை செயற்கைக்கோள் வழியாகக் கரையில் இருப்பவருக்கே தெரியும் வசதி வேறு வந்துவிட்டது. பிளக் கழன்றால் உடனே அலறும். கெட்டுப்போகாமல் தப்பும் ஒவ்வொரு பெட்டியும், அதை விளைவித்த தண்ணீரையும் உரத்தையும் சேர்த்தே காப்பாற்றுகிறது.

உறைந்த சரக்கில் இன்னும் பெரிய மிச்சம் காத்திருக்கிறது. உலகம் முழுக்க உறை உணவு மைனஸ் 18 டிகிரியில் பயணிக்கிறது. ஏன் 18? ஃபாரன்ஹீட்டில் அது பூஜ்யம். முழு எண்ணாக இருந்தது, நிலைத்துவிட்டது. மைனஸ் 15 போதும் என்று பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களும் பாரிஸில் உள்ள சர்வதேசக் குளிரூட்டல் நிறுவனமும் 2023-இல் சொல்லின. அந்த மூன்று டிகிரி ஆண்டுக்கு 1.77 கோடி டன் கரியமில வாயுவைத் தடுக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. துறைமுகம் நடத்தும் டிபி வேர்ல்டு உள்ளிட்ட கம்பெனிகள் இதற்காகக் கூட்டணி அமைத்திருக்கின்றன.

தடை இயந்திரத்தில் இல்லை. ஐரோப்பாவின் 1989 உறை உணவு விதியே மைனஸ் 18 என்கிறது. ஒப்பந்தங்களும் அதையே எழுதுகின்றன. ஒரு பெட்டி மைனஸ் 15-இல் வந்து இறங்கினால், கறி நன்றாகவே இருந்தாலும் வாங்குபவர் திருப்பி அனுப்பலாம். ஐஸ்க்ரீம்காரர்களுக்கோ 18-ஏ பற்றாது. யார் முதலில் மாற்றிக் கையெழுத்துப் போடுவது என்பதில்தான் மூன்று டிகிரி நிற்கிறது.

அடுத்த வாரம், உறைந்தால் கெட்டுப்போகும் சரக்கு: வாழைப்பழம்.

(தொடரும்)