மட்டக்குளியில் களவுச் சீடியும் மாதச் சந்தாவும்

2003 வாக்கில் கொழும்பின் வடக்கே மட்டக்குளியில் ஒரு கொமியூனிகேஷன் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது வெளிநாட்டுக் கோல் எடுக்கும் கண்ணாடிக் கூண்டு. பக்கத்தில் போட்டோகொப்பி மெஷின். அதன் மேல் லெமினேட் செய்யக் காத்திருக்கும் அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும். உள்ளே மின்விசிறிக்குக் கீழே ஒரு கொம்பியூட்டர். கடைக்காரரின் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் ஒரு சீடிப் பை. அந்தப் பைதான் அன்றைக்கு இந்த வட்டாரத்தின் மென்பொருள் களஞ்சியம். விண்டோஸ் எக்ஸ்பீ, ஒபிஸ், பேஜ்மேக்கர், போட்டோஷொப், ஒரு வைரஸ் கார்ட், தமிழ் எழுத்துருக்கள் நிறைந்த இன்னொன்று. எல்லாம் மார்க்கர் பேனையால் பெயர் எழுதிய வெற்றுச் சீடிகள்.

எக்ஸ்பீ சீடியின் மேல் எழுத்தும் இலக்கமும் கலந்து 25 இடங்கள் கொண்ட சாவி ஒன்று எழுதியிருக்கும். பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் சாவி அது. 2001இல் வெளியே கசிந்து உலகம் முழுக்க ஓடிய அந்தச் சாவியைக் கொழும்பு 15இல் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பையன்கள் இருந்தார்கள். திருக்குறள் பத்துக் கேட்டால் திணறுகிறவர்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் எக்ஸ்பீ புரொபெஷனல் 299 டொலர். அன்றைய மாற்று விலையில் கிட்டத்தட்ட 29,000 ரூபாய். சாதாரண எழுதுவினைஞர் ஒருவருக்கு அது மாதக்கணக்கான சம்பளம். சீடியோ 100, 150 ரூபாய். கொம்பியூட்டர் வாங்கினால் சும்மாவே போட்டுத் தருவார்கள்.

இதில் வேடிக்கை, நாட்டின் புலமைச் சொத்துச் சட்டமும் அதே 2003இல்தான் வந்தது. 36ஆம் இலக்கச் சட்டம். கணினி நிரல்களும் பதிப்புரிமைக்குள் அடங்கும். மீறினால் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. தாளில் கடுமையான சட்டம்தான். மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2007இல் எடுத்த கணக்கின்படி இலங்கையில் ஓடிய மென்பொருளில் நூற்றுக்கு 90 களவுப் பிரதி. பத்து வருடம் கழித்து, 2017இல், அது 77. விற்பவர்களே எடுத்த கணக்கு இது என்பதை மறந்துவிடக் கூடாது. என்றாலும் அந்தக் காலத்து மட்டக்குளியைப் பார்த்தவருக்கு 90 என்பது குறைவாகத்தான் படும்.

களவைப் பற்றிப் பிரசங்கம் செய்ய நான் இதை எழுதவில்லை. துறைமுகத்து வேலைக்குப் போகிறவர், மீன் விற்கிறவர், வடக்கிலிருந்து வந்து வாடகை அறையில் ஒடுங்கியிருந்தவர் ஆகியோரின் பிள்ளைகள் கொம்பியூட்டர் படித்தது அந்தச் சீடிகளால்தான். அவர்களில் சிலர் இன்று கொழும்பிலும் டொரொன்டோவிலும் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறார்கள். என் வழக்கு வேறு. அந்தச் சீடிப் பை மைக்ரோசொப்டுக்குச் செய்த நட்டத்தைவிட, விண்டோஸுக்கு மாற்றான கட்டற்ற லினக்ஸுக்குச் செய்த நட்டம் பெரியது.

எப்படியென்றால், லினக்ஸைப் பற்றி ஏழை நாடுகளில் முதலில் சொல்லப்பட்டது அதன் விலைதான். காசு வேண்டாம் என்றார்கள். உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பைச் செய்தவர்கள் 2005இலிருந்து 2011 வரை, கேட்டவருக்கெல்லாம் உலகின் எந்த மூலைக்கும் தபாலில் சீடி அனுப்பினார்கள். தபாற்செலவும் அவர்களுடையதே. அழகான அட்டை உறையில் அச்சிட்ட சீடி மட்டக்குளித் தபால்காரர் கையில் வந்து சேரும். ஆனால் பக்கத்துக் கடையில் விண்டோஸும் சும்மாதான் கிடைத்தது. இரண்டும் ஒரே விலை என்றால், டியூஷனில் சொல்லிக் கொடுப்பதை, பிரிண்டரோடு மல்லுக்கட்டாமல் ஓடுவதை, கேம் விளையாட உதவுவதைத்தான் ஆள் எடுப்பான். மூலநிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை ஊருக்குக் கொடுக்கலாம் என்பதெல்லாம் கட்டற்ற மென்பொருளின் உயிர்நாடி. அந்தப் பேச்சுக்கு இங்கே இடமே வரவில்லை. விலைப் போட்டியிலேயே அது அடிபட்டுப் போனது.

இதே கொழும்பில், அதே ஆண்டுகளில், நேர் எதிரான ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் கணக்கெடுக்க இலங்கை நிரலாளர்கள் இரவுபகலாக எழுதிய ‘சஹானா’ கட்டற்ற மென்பொருளாகவே வெளியிடப்பட்டது. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதன் பின்னால் நின்றது. வேறு நாடுகளும் தங்கள் பேரிடர்களில் அதை எடுத்துப் பாவித்தன. ரிச்சர்ட் ஸ்டோல்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006க்கான சமூகப் பயன் விருதை அதற்குக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த விருதைப் பெற்றது விக்கிப்பீடியா. உலகத்துக்குக் கட்டற்ற மென்பொருள் கொடுத்த நகரம், தன் வடக்குத் தெருக்களில் களவு எக்ஸ்பீயோடு இருந்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு பஸ் பயணம்தான் தூரம்.

பாமினி கதையைச் சொல்லாமல் இந்தப் பகுதியின் கொம்பியூட்டர் கதை நிறைவடையாது. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி அச்சகங்களில் கலியாண அட்டை, அந்தியேட்டி அழைப்பு, கோயில் மலர், தேர்தல் துண்டுப்பிரசுரம் எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கப்பட்டன. ஆங்கில எழுத்துகள் உட்காரும் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார்த்தி வைத்த எழுத்துரு அது. ‘எம்’ விசையில் அ, ‘கே’ விசையில் ம, அரைப்புள்ளி விசையில் மெய்யெழுத்தின் புள்ளி. அம்மா என்று அடிப்பவரின் விரல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஓடும். அந்த ஓட்டத்தில் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று போட்டி போட்ட பெண் பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். தாளில் பார்க்கத் தமிழ் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கொம்பியூட்டருக்கோ அது தமிழே இல்லை. எழுத்துரு இல்லாத மெஷினில் அதே கோப்பைத் திறந்தால் வரிவரியாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

தமிழைத் தமிழாகவே கொம்பியூட்டருக்குப் புரியவைக்கும் யுனிகோட் முறை விண்டோஸ் எக்ஸ்பீக்குள்ளேயே இருந்தது, லதா என்ற எழுத்துருவோடு. அதற்கான இலங்கைத் தர நிர்ணயமும் 2008இல் வந்தது, எஸ்.எல்.எஸ். 1326, ரெங்கநாதன் விசைப்பலகையோடு. அச்சகம் அசையவில்லை. காரணம் சோம்பலல்ல, பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பு 7.0, 2001இல் வந்தது. அடொபி அதைக் கைவிட்டுவிட்டது. யுனிகோட் தமிழ் அதற்குப் புரியாது. மூலநிரல் பூட்டியிருந்ததால் இங்கே எவரும் அதைத் திருத்தவும் முடியாது. கட்டற்ற மென்பொருளாக இருந்திருந்தால் யாழ்ப்பாணத்திலோ மொறட்டுவையிலோ ஒரு பையன் தமிழைச் சேர்த்திருப்பான் என்று நான் அடித்துச் சொல்வேன். ஜெர்மனியில் இருந்த சுரதா, பாமினியை யுனிகோடாக்கும் மாற்றியைத் தானாகவே செய்து இணையத்தில் போட்டாரே. இன்றைக்கும் எத்தனையோ தமிழ் நிருபர்களும் கோயில் மலர்க் குழுக்களும் அந்த மாற்றியின் பெட்டிக்குள்தான் ஒட்டி எடுக்கிறார்கள்.

இப்போது அதே கடைக்குப் போவோம். கண்ணாடிக் கூண்டு என்றோ போய்விட்டது, வட்ஸ்அப் வந்த கையோடு. சீடிப் பையும் இல்லை. சீடி போட ஓட்டையுள்ள கொம்பியூட்டரே அரிது. பலகையில் இப்போது ரீலோட், ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம், கலர் பிரிண்ட். வருகிறவர் எல்லாவற்றையும் போனில் கொண்டுவருகிறார். அந்தப் போன்களில் பெரும்பாலானவை ஆண்ட்ரொய்ட். ஆண்ட்ரொய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். உபுண்டு உறையைத் திறந்தும் பார்க்காத மட்டக்குளி, இன்று வீட்டுக்கு மூன்று நான்கு லினக்ஸ் கருவிகளோடு நடமாடுகிறது. ஆனால் எதைப் போடலாம், எதைக் கழற்றலாம் என்று தீர்மானிப்பது கூகுளும் போன் செய்த நிறுவனமும். நிரல் திறந்திருந்தும் கைவிலங்கு கழலவில்லை.

கடைக்கார அண்ணன் ஒருநாள் ஒபிஸுக்குச் சந்தா கணக்குப் பார்த்தார். தனியாள் சந்தா அமெரிக்க விலையில் வருடத்துக்கு 99.99 டொலர். 2022இல் ரூபாய் கண்ட வீழ்ச்சிக்குப் பிறகு டொலர் 300ஐ ஒட்டியே நிற்கிறது. ஆக 30,000 ரூபாய். 2003இல் எக்ஸ்பீக்குக் கேட்ட கிட்டத்தட்ட அதே தொகை. “அன்னைக்கு ஒருக்கா குடுத்திருந்தா சாகும்வரைக்கும் நம்மட. இன்னைக்கு வருசா வருசம் குடுத்தாலும் நம்மட இல்ல, தம்பி” என்றார். கட்டுவதை நிறுத்தினால் ஆவணம் போகாது. ஆனால் அதில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

விற்றவன் கையில் கடிவாளம் இருப்பது என்னவென்று உலகம் 2009இலேயே பார்த்தது. கிண்டிலில் காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவியிலிருந்து, ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’ நாவலை அமேசன் தானாகவே அழித்தது. உரிமை இல்லாத ஒருவர் விற்றுவிட்டாராம். எந்தப் புத்தகம் என்று பார்த்து அழித்தார்களோ தெரியாது.

பதிப்புரிமையின் புதிய முகத்தை மட்டக்குளி அறிந்தது நீதிமன்றத்தில் அல்ல, கலியாண வீடியோவில். மண்டபத்துக்குள் மணமக்கள் நடந்து வரும்போது இளையராஜா பாட்டு ஒலிக்கும். வீடியோக்காரர் முகநூலில் ஏற்றுவார். லண்டனில் இருக்கும் சித்தப்பா திறந்தால் மணமக்கள் மௌனமாக நடப்பார்கள். பாட்டை இயந்திரம் கண்டுபிடித்துச் சத்தத்தை வெட்டிவிட்டது. யூடியூபில் 2007இலிருந்து இந்த வேலைக்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. உரிமையாளர் கொடுத்த மாதிரியோடு ஏற்றப்படும் ஒவ்வொரு வீடியோவையும் ஒப்பிட்டுப் பார்க்கும். குடும்ப விழாவா வியாபாரமா என்று இயந்திரம் விசாரிப்பதில்லை. அன்றைக்கு ரெக்கோடிங் பாரில் பட்டியல் கொடுத்துக் கசெட்டில் பாட்டு அடித்து வாங்கியவர்களை எந்த ராஜாவும் கேட்டதில்லை. 2017இல் இளையராஜா தரப்பு, அந்தப் பாட்டுகளைப் பாடிய எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது தேநீர்க் கடையில் நாள்கணக்கில் வாக்குவாதம். இசையமைத்தவருக்கு உரிமை உண்டென்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த உரிமையை ஆள் முகம் பார்க்காத நிரல் ஒன்றிடம் ஒப்படைத்ததில்தான் சந்தேகம்.

டியூஷனிலும் அப்படித்தான். முன்பு ஆசிரியர் கையால் எழுதிய பாடக்குறிப்பான டியூட்டை ஒரு பிள்ளை வாங்கும், பத்துப் பிள்ளைகள் போட்டோகொப்பி எடுப்பார்கள். சேர் கண்டும் காணாதவர் போல் இருப்பார். கொரோனாவில் வகுப்பு ஸூமுக்குப் போனது. இப்போது டியூட் பீடிஎப் ஆக வருகிறது, ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காக அந்தப் பிள்ளையின் பெயரும் போன் நம்பரும். வெளியே போனால் யார் கொடுத்தது என்று பிடித்துவிடலாம். பெயரை அழித்துத் தருகிற பையன்களும் டெலிகிராமில் இருக்கிறார்கள். அந்தப் பீடிஎப்பைச் சேர் தயாரித்த வேர்ட் காசு கொடுத்து வாங்கியதா என்று யாரும் கேட்பதில்லை.

சட்டத்துக்குள் நின்றே பொதுவுக்குக் கொடுக்கலாம் என்று காட்டியவர்கள் இந்த நகரத்தின் தெற்கு முனையில் இருந்தார்கள். 2005 தைப்பொங்கலோடு மு.மயூரனும் தி.கோபிநாத்தும் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம் வெள்ளவத்தையில் அலுவலகம் வைத்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்தது. 1981இல் யாழ் பொது நூலகத்தோடு எரிந்த 97,000 நூல்களின் நினைவு அதன் பின்னால் உண்டு. 2003 சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 வருடம் வரை உரிமை நீடிக்கும். 1960இல் கண்ணை மூடியவரின் நூலுக்கு 2030 வரை காத்திருக்க வேண்டும். பதிப்பகம் குண்டில் போயிருக்கும், பிள்ளைகள் கனடாவில் எந்தத் தெருவில் என்று தெரியாது. அனுமதிக் கடிதத்தை யாருக்கு அனுப்புவது? இருந்தும் கேட்டுக் கேட்டுத்தான் சேர்த்தார்கள். போர் தின்ற ஒரு சமூகத்துக்கு 70 வருடம் என்பது அநியாயமான நீளம். ஆளே இல்லாத உரிமையைக் காத்துக்கொண்டிருக்கையில் புத்தகத்தைக் கறையான் அரிக்கிறது.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அண்ணனின் கடையில் இருந்த பழைய மெஷின்கள் விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை. மெஷினில் பழுதொன்றுமில்லை, வயதுதான் குற்றம். புதிது வாங்கக் காசில்லை. களவு விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்று ஆள் வந்தது. பாங்க் வேலைக்கும் விண்ணப்பங்களுக்கும் சனம் உட்காரும் மெஷினில் யார் கைபட்டதென்று தெரியாத ஒன்றைப் போடப் பயந்துபோய், பிள்ளைகள் பாவிக்கும் இரண்டில் லினக்ஸ் மின்ட் போட்டார். அதில் ஒபிஸுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஒபிஸில் யுனிகோட் தமிழ் ஒழுங்காக வருகிறது. வருகிறவர்கள் பிரவுசரைத் திறக்கிறார்கள், வேலை முடித்துப் போகிறார்கள். ஒரேயொரு பிள்ளை மட்டும் “அங்கிள், இதுல ஸ்டார்ட் பட்டன் வேற மாதிரி இருக்கே” என்றது.

மூன்றாவது மெஷினில் இணைய வயரைக் கழற்றிவிட்டு, பேஜ்மேக்கர் 7ஐயும் பாமினியையும் அப்படியே விட்டிருக்கிறார். பழைய கோயில் மலர்கள், சங்க யாப்புகள் எல்லாம் அதற்குள் கிடக்கின்றன. திருத்தம் கேட்டு ஆள் வந்தால் அதைத்தான் திறக்கிறார். நான்காவது அவருடைய மகனுடையது. கலியாண வீடியோ வெட்டுகிற பையன். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அடொபி கோப்பாகவே அனுப்புவதால் மாதா மாதம் டொலரில் சந்தா கட்டுகிறான். கட்டற்ற மென்பொருளில் செய்து பார் என்று தகப்பன் சொன்னால், “அவங்க அனுப்புற பைல் அதுல திறக்காது, அப்பா” என்கிறான். அடுத்த மாதக் காசை யார் கார்டில் போடுவது என்பதில் இருவருக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.