'சார், உங்களோடு ஆடலாமா?' – டென்னிஸ் ஏணியில் இடம் பிடிப்பது எப்படி

மாலை ஐந்தரை மணிக்கு டென்னிஸ் திடலுக்கு வருகிறவர்கள் பையிலிருந்து ராக்கெட்டை எடுப்பதற்கு முன் ஓர் இடத்தை எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். மன்றத்தின் சுவரில் தொங்கும் பலகைதான் அது. மேலிருந்து கீழாகப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எண், அவ்வளவுதான். பல மன்றங்களில் இப்போது அந்தப் பலகை புலனக் குழுவுக்குள் போய்விட்டது. ஆனாலும் தன் பெயருக்கு மேலே யார், கீழே யார் என்று பார்க்கும் கண்கள் மாறவில்லை.

இதற்கு 'ஏணி' என்று பெயர். பொழுதுபோக்குக்காக டென்னிஸ் ஆடும் மன்றங்களில் ஆண்டு முழுவதும் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட முறை இது. கோப்பை கிடையாது, இறுதியாட்டம் கிடையாது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரை ஆட்டத்திற்கு அழைக்கலாம். வென்றால் அவர் இடம் கிடைக்கும். தோற்றால் இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

போட்டி நடத்த வேறு வழிகளும் உண்டுதான். தோற்றவர் வெளியேறும் போட்டியில் 16 பேர் பெயர் கொடுத்தால், முதல் நாளிலேயே 8 பேர் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த எட்டுப் பேர்தான் அதிகம் ஆடிப் பழக வேண்டியவர்கள் என்பது வேறு கதை. எல்லாரும் எல்லாரோடும் ஆடும் லீக் முறையில் 12 பேருக்கு 66 ஆட்டங்கள் வேண்டும். ஷிப்டு வேலையும் பிள்ளைகளின் டியூஷனும் பிற்பகல் மழையும் சேர்ந்தால் அந்த 66 ஆட்டங்கள் என்றைக்கும் முடியாது. ஏணியில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு பேருக்கு நேரம் ஒத்துவந்தால் ஆட்டம் நடக்கும். தோற்றவரும் பட்டியலில்தான் இருப்பார், அடுத்த வாரம் மறுபடி ஆடுவார்.

விதிகளைப் புரிந்துகொள்ள 12 பேர் கொண்ட ஏணி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஆறாம் இடத்தில் 61 வயது ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஏழாம் இடத்தில் காப்புறுதி முகவர். எட்டாம் இடத்தில் அரசு மருத்துவமனையில் வேலை செய்யும் தாதி. ஒன்பதாம் இடத்தில் 26 வயதுத் தொழிற்சாலை ஊழியர், அந்த ஆசிரியரிடமே நான்காம் ஆண்டு படித்தவர்.

தனக்கு மேலே மூன்று இடங்கள் வரை அழைக்கலாம் என்பது பரவலாக உள்ள விதி. ஒன்பதில் இருக்கும் இளைஞர் எட்டு, ஏழு, ஆறு ஆகிய மூவரில் யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம், ஐந்தாம் இடத்துக்காரரை அழைக்க முடியாது. அழைக்கப்பட்டவர் பத்து நாளிலோ இரண்டு வாரத்திலோ ஆடியாக வேண்டும். காரணமில்லாமல் மறுத்தால் தோற்றதாகக் கணக்கு. அழைத்தவர் புதுப் பந்து கொண்டு வருவது பல இடங்களில் வழக்கம். ஒரே ஆளை வாராவாரம் துரத்தக் கூடாது என்பதற்காக, தோற்றவர் அதே ஆளை மறுபடி அழைக்க இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்று வைத்திருப்பார்கள்.

வென்றவர் எப்படி மேலே போகிறார் என்பதில் இரண்டு முறைகள் உள்ளன, மன்றங்களில் அதிகச் சச்சரவு கிளம்புவதும் இங்கேதான். ஒன்று இடமாற்று முறை. ஒன்பதாமவர் ஆறாமவரை வென்றால் இருவரும் இடம் மாற்றிக்கொள்வார்கள். ஆசிரியர் ஒரே தோல்வியில் மூன்று படி இறங்கி ஒன்பதுக்குப் போய்விடுவார். மற்றது செருகல் முறை. இளைஞர் ஆறில் போய் அமர்வார், ஆசிரியர் ஏழுக்கும் முகவர் எட்டுக்கும் தாதி ஒன்பதுக்கும் ஆளுக்கு ஒரு படி இறங்குவார்கள். "நான் ராக்கெட்டையே தொடவில்லை, என்னை எதற்கு இறக்கினீர்கள்?" என்று முகவரும் தாதியும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் இரண்டில் செருகல் முறையே மேல். ஒரு நாள் தோல்விக்கு ஒருவரை மூன்று படி தள்ளுவது அதிகத் தண்டனை. தவிர, சும்மா இருந்தால் இறங்கிவிடுவோம் என்ற பயம்தான் மற்றவர்களைத் திடலுக்கு வரவைக்கிறது.

விதியெல்லாம் சரி. அந்த இளைஞர் தன் ஆசிரியரை எப்படி அழைப்பார்?

நம்மவர்கள் ஆடும் ஏணிகளில் ஆட்டத்தைவிடச் சிரமமானது இந்த அழைப்புதான். பெரியவர்களுக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காராதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, "உங்கள் இடம் எனக்கு வேண்டும்" என்ற பொருள்பட, எல்லாரும் பார்க்கும் புலனக் குழுவில் எழுத வேண்டும். பலர் எழுத மாட்டார்கள். ஆசிரியரைத் தாண்டி ஏழாமவரையோ எட்டாமவரையோ மட்டும் அழைத்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நாளில் ஏணியின் மேல்பாதி வயதுப்படி அப்படியே உறைந்துபோகும். யாரும் அழைக்காததால் பெரியவருக்கு ஆட்டமும் கிடைக்காது. மரியாதை என்று நினைத்துச் செய்வது அவரைத் திடலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிடும்.

இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதையும் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த முதியவர்களுக்கு டென்னிஸ் என்றால் தொரை பங்களாவும் தொரைமார் கிளப்பும்தான் நினைவுக்கு வரும். அங்கே நம் பிள்ளைகள் உள்ளே போனது பந்து பொறுக்கிப் போட. பந்து வேலியைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் விழுந்தால் ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். ராக்கெட்டைத் தொட அனுமதி இல்லை. கிராணிமாருக்குத் தனி மன்றம், லயத்துப் பிள்ளைகளுக்குக் காற்பந்துத் திடல். தொரை, கிராணி, தண்டல், பால்மரம் வெட்டுகிறவர் என்று யார் எந்தப் படியில் நிற்பது என்பது பலகை மாட்டாமலேயே எல்லாருக்கும் தெரிந்த ஏணி.

நகரத்தில் படித்து வேலைக்கு வந்த தமிழர்கள் வெள்ளைக்காரர் மன்றங்களுக்கு வெளியே நின்றுகொண்டிருக்காமல் தங்களுக்கென்று மன்றம் அமைத்துக்கொண்டார்கள். கோலாலம்பூரில் இலங்கைத் தமிழர்கள் 1914இல் தொடங்கிய டி.பி.சி.ஏ., சிங்கப்பூரில் 1923இல் உருவான இந்தியர் சங்கம் ஆகியவை அந்தக் காலத்து முயற்சிகள். இன்று ஊராட்சி மன்றங்களின் பொதுத் திடலை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து யாரும் ஆடலாம். அப்படி ஆடும் ஓர் ஏணியில் மேலாளரின் பெயர் கீழேயும் அவருடைய லாரி ஓட்டுநரின் பெயர் மேலேயும் இருந்தால் அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. இது சின்ன மாற்றமில்லை.

அதனால் அழைப்பு என்பது அவமதிப்பு இல்லை என்பதை ஏணிப் பொறுப்பாளர் முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுவது நல்லது. சொல்லும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. "வணக்கம் சார், இந்த வாரம் ஏணி ஆட்டத்துக்கு உங்களை அழைக்கிறேன், உங்களுக்கு எந்த நாள் வசதி?" என்று கேட்டால் எந்தப் பெரியவரும் முகம் சுளிக்கப் போவதில்லை. நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடம் விட்டாலே பாதி மரியாதை செய்தாகிவிட்டது.

அடுத்த சோதனை கோட்டில். மன்ற ஆட்டத்தில் நடுவர் கிடையாது. வலைக்கு இந்தப் பக்கம் விழும் பந்தை இந்தப் பக்கத்துக்காரரே பார்த்து 'அவுட்' சொல்ல வேண்டும். கோட்டில் விளிம்பு பட்டாலும் பந்து உள்ளேதான். சந்தேகமாக இருந்தால் அதுவும் உள்ளேதான், அதாவது தனக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அனைத்துலக டென்னிஸ் விதிப்புத்தகத்தில் நடுவர் இல்லாத ஆட்டங்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. 'அவுட்' என்று சொன்ன பிறகு பந்து உள்ளே விழுந்ததை உணர்ந்தால் சொன்னவரே ஒப்புக்கொள்ள வேண்டும், அந்தப் புள்ளி மறுபடி ஆடப்படும் என்கிறது அது. எப்படியும் எடுத்திருக்க முடியாத பந்து என்றால், அல்லது அதே ஆட்டத்தில் அவர் இப்படித் தவறுவது இரண்டாம் முறை என்றால், புள்ளி எதிராளிக்குப் போய்விடும்.

எண்ணிக்கையில் தகராறு வந்தாலும் வழி இருக்கிறது. ஒருவர் 40-30 என்கிறார், மற்றவர் 30-40 என்கிறார். பேசிப் பார்த்ததில் முதல் புள்ளி யாருக்கு என்பதில்தான் இருவருக்கும் கருத்து வேறுபாடு என்று தெரிகிறது. அந்தப் புள்ளியை விட்டுவிட்டு 30-30இலிருந்து தொடரலாம். சர்வ் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையை உரக்கச் சொன்னால் இந்தச் சண்டையே வராது.

ஆசிரியர் 'அவுட்' என்கிறார், பழைய மாணவருக்குப் பந்து உள்ளே விழுந்ததுபோல் தெரிகிறது. என்ன செய்வது? "உறுதியாத் தெரியுமா சார்?" என்று ஒரு முறை கேட்கலாம். அவர் உறுதி என்றால் ஏற்றுக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். கேட்காமலே மனத்துக்குள் பொருமிக்கொண்டு ஆடுகிறவர்கள்தான் பிறகு மாமாக் கடையில் உட்கார்ந்து வேறு யாரிடமோ அதைச் சொல்வார்கள்.

எல்லாவற்றையும்விட ஏணியைக் கெடுப்பது விட்டுக்கொடுப்பது. 'வயசானவர், பாவம்' என்று நினைத்து இளைஞர் வேண்டுமென்றே பந்தை வலையில் அடிப்பார். பல ஆண்டுகள் ஆடியவருக்கு அது இரண்டாவது கேமிலேயே தெரிந்துவிடும். உண்மையில் தோற்பதைவிட அதுதான் அவரைக் குத்தும். அந்த இரக்கம் பல நேரங்களில் தேவையும் இல்லை. 26 வயதுக்காரர் எல்லாப் பந்தையும் ஓங்கி அடிப்பார். 61 வயதுக்காரர் ஸ்லைஸ் போட்டுப் பந்தைத் தாழ்வாக வைப்பார், வலையருகே ஓடிவரச் செய்து தலைக்கு மேலே லாப் தூக்குவார். மாலை வெயில் யார் கண்ணில் அடிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. தமக்கு ஓட்டம் குறைவு என்பதால் பிறரை ஓடவைக்கக் கற்றிருப்பார். ஆறாம் இடத்தில் ஒருவர் சும்மா இருப்பதில்லை.

அப்படியும் ஒரு நாள் அவர் இறங்கத்தான் செய்வார். ஏழு, எட்டு, ஒன்பது என்று ஒவ்வொரு படியும் எல்லார் கைப்பேசியிலும் தெரியும். சிலர் எதுவும் சொல்லாமல் புலனக் குழுவிலிருந்து விலகிவிடுகிறார்கள். முழங்கால் வலி என்று காரணம் சொல்வார்கள். வலி உண்மையாகவும் இருக்கலாம். இதற்காகவே சில மன்றங்கள் இரட்டையர் ஏணி ஒன்றைத் தனியாக வைத்திருக்கின்றன. இரட்டையர் திடலின் அகலம் 10.97 மீட்டர், ஒற்றையருக்கு 8.23 மீட்டர். திடல் கொஞ்சம்தான் அகலம், அதை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்வதால் ஓட்டம் பெருமளவு குறையும். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்குத் தனி ஏணி வைப்பதும் உண்டு. ஆனால், "இனி நீங்கள் அந்தப் பக்கம் போங்கள்" என்று யாரும் சொல்லக் கூடாது. எந்த ஏணி என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

ஏணியைத் தொடங்கப் பெரிய மன்றம் தேவையில்லை. தாமானில் பத்துப் பேர் இருந்தால் போதும். முதல் வரிசையைக் குலுக்கல் போட்டு எடுக்கலாம், இரண்டு மாதத்தில் அவரவர் இடம் தானாகத் தெரிந்துவிடும். புதிதாக வருகிறவரைக் கடைசியில் சேர்ப்பதே சச்சரவில்லாத வழி. ஆட்டத்தை இரண்டு செட்டோடு நிறுத்தி, 1-1 என்றால் மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டைபிரேக் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஒன்றரை மணி நேர வாடகைக்குள் முடிந்துவிடும். மழையால் நின்ற ஆட்டத்துக்குக் கூடுதலாக ஒரு வாரம் கொடுக்க வேண்டும். நோன்பு மாதத்திலும் தீபாவளி வாரத்திலும் ஏணியை அப்படியே நிறுத்தி வைக்கலாம். காயம்பட்டவரின் இடத்தை எத்தனை வாரம் காப்பது என்பதை யாருக்கும் காயம் படுவதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். காயம்பட்ட பிறகு பேசினால் அது விதியாகத் தெரியாது, அந்த ஆளைப் பற்றிய தீர்ப்பாகத் தெரியும்.

டென்னிஸ் திடல் பக்கத்தில் இல்லையென்றால் இதே விதிகள் பூப்பந்துக்கும் பொருந்தும், பாலாய் ராயாவில் கிடக்கும் கேரம் பலகைக்கும் பொருந்தும். பொறுப்பாளராக ஒருவர் மட்டும் வேண்டும். ஒவ்வொரு ஞாயிறு இரவும் பட்டியலைத் திருத்திப் போட வேண்டும், ஒரு மாதமாக ஆடாதவரை ஒரு படி இறக்க வேண்டும், அவர் தன் மைத்துனராகவே இருந்தாலும்.