கடல்மேல் நடக்கும் குருவி

ஸ்ரீவராகம் கோயிற் குளத்தருகே கொக்கும் மீன்கொத்தியும் நமக்குப் பழகிய காட்சி. அங்கிருந்து சிறிது தூரம் போனால் பூந்துறைக் கடற்கரை. அதற்கும் அப்பால், கரை கண்ணுக்கு மறையும் இடத்திற்கு மழைக்காலந்தோறும் ஒரு விருந்துப் பறவை வருகிறது. நம்மில் பெரும்பாலோர் அதைக் கண்டதில்லை. அதன் பெயர் 'வில்சன் ஸ்டார்ம் பெட்ரல்'. நாம் புயற்குருவி என்போம்.

குருவி என்றது உருவத்தைக் கருதியே. நீளம் சுமார் 18 செ.மீ.; எடை சுமார் 40 கிராம். கரிய உடல், வாலின் அடியில் வெள்ளைப் பட்டை. சிறகை விரித்துக்கொண்டு, நீண்ட கால்களால் அலையைத் தொட்டுத் தொட்டு இரை பொறுக்கும்போது, நீர்மேல் நடப்பது போலவே தோன்றும்.

இதன் பிறப்பிடம் தென்துருவக் கண்டத்தின் கரையோரமும் அதைச் சூழ்ந்த குளிர்த் தீவுகளும். பாறை இடுக்கில் ஒரே ஒரு முட்டை இடும். அங்கே குளிர்காலம் நெருங்கியதும் வடக்கே புறப்பட்டு, பூமத்திய ரேகையைத் தாண்டி, மே மாத வாக்கில் அரபிக் கடலை அடைகிறது.

இவ்வளவு தூரம் வருவானேன்? தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், கேரளக் கரையோரத்தில் மேல்நீர் விலகி, அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அதிலுள்ள சத்தை உண்டு நுண்பாசி செழிக்கிறது. பாசியைத் தின்று சிற்றுயிர்கள் பெருகுகின்றன. நமக்குச் சாளை மீனைத் தரும் அதே வளந்தான் இக்குருவிக்கும் சோறிடுகிறது. சிற்றுயிர்கள் பாசியை மேயும்போது எழும் ஒருவகைக் கந்தக வாசனையை மோப்பம் பிடித்தே இரையிருக்கும் இடத்தை அது கண்டுகொள்கிறது.

இதை அரிய பறவை என்கிறோம். உண்மையில், உலகில் மிகுதியாக உள்ள கடற்பறவைகளுள் இதுவும் ஒன்று! கரையில் நிற்கும் நமக்குத்தான் அது அரிது. ஆழ்கடலுக்குப் போய்வரும் மீனவருக்கு அப்படியன்று. ஆகவே, கடற்பறவையைப் பற்றி அறிய விரும்புவோர் நூலகத்தோடு நின்றுவிடாமல், படகிலிருந்து இறங்கும் பெரியவர்களிடமும் கேட்க வேண்டும்.

பெருங்காற்று வீசும் நாட்களில் களைத்த பறவை சில வேளை கரையில் வந்து விழும். அதன் கால்கள் தரையில் நடக்க ஏற்றவை அல்ல, தத்தளிக்கும். காக்கையும் நாயும் விடா. இரக்கத்தால் அதைத் தூக்கிக் கடலில் எறிபவர்களும் உண்டு. களைத்த பறவைக்கு அது உதவியாகாது. காற்றுத் துளையுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், வனத்துறைக்குச் சொல்லி அனுப்புவதே நலம். இறந்து கிடந்தாலோ, படம் எடுத்து, நாளையும் இடத்தையும் குறித்து, பறவை ஆராய்வோருக்குத் தெரிவியுங்கள். கரையில் கிடைக்கும் அந்த ஒரு குறிப்பும் அறிவியலுக்குச் செல்வமே.

அடுத்த ஆடியில் கடற்கரைக்குச் செல்லும் நண்பர்கள் அலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். மணலையும் சற்றுப் பாருங்கள். தென்துருவத்திலிருந்து வந்த விருந்தாளி உங்கள் காலடியில் உதவி வேண்டிக் கிடக்கலாம்.