கரையோரக் குறிப்புகள் – 11: இத்தாலிக்கு இரண்டு வழி

கொழும்பிலிருந்து புத்தளம் வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், வென்னப்புவ வந்ததும் வீடுகளைப் பாருங்கள். தென்னந்தோப்புக்கு நடுவே வளைவுத் தூண்களும் பெரிய பல்கனிகளுமாக நிற்கும். பாதி வீடுகளின் ஜன்னல்கள் மூடியே இருக்கும். உடையவர்கள் இத்தாலியில். விசாவோடு போனவர்களும் உண்டு, ஒரு காலத்தில் கடன்பட்டு வள்ளமேறிப் போனவர்களும் உண்டு. இந்த ஊரைச் ‘சின்ன இத்தாலி’ என்பது வெறும் பகிடி இல்லை.

அந்த ஊர் புனித ஜோசப் வாஸ் கல்லூரியின் பழைய மாணவர்தான் யுபுன் அபேகோன். 2022 ஜூலை 3ஆம் திகதி, சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோன் நகரில் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி முடித்தார். பத்துச் செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியர். அடுத்த மாதமே பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் வெண்கலம். அவர் பயிற்சி எடுத்தது இத்தாலியில் தங்கி. ஊரில் இதைச் சொன்னால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படமாட்டார்கள். இத்தாலிக்குப் போவது இங்கே பக்கத்து ஊருக்குப் போவதுபோலத்தான்.

ஆனால் இத்தாலிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, காகித வழி. ‘எராஸ்மஸ் பிளஸ்’ என்பது அதன் பெயர். கல்வி, பயிற்சி, இளைஞர், விளையாட்டு என்று நாலையும் ஒரே குடையின் கீழ் வைத்து ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் மானியத் திட்டம். 1987இல் 11 நாடுகளின் 3,244 மாணவர்களோடு தொடங்கியது. 2021 முதல் 2027 வரையான ஏழு வருடத்துக்கு அதன் ஒதுக்கீடு 26 பில்லியன் யூரோவுக்கும் மேல். இலங்கை ரூபாயில் போட்டுப் பார்த்தேன். சைபர்களை எண்ணி முடியாமல் விட்டுவிட்டேன்.

போன மாதம் புத்தளத்தில் ஒரு மைதானத்தின் ஓரம் நின்றிருந்தபோது, உயர்தர வகுப்புக்குப் போகவிருக்கும் பையன் ஒருவன் கைபேசியை நீட்டினான்.

“சேர், இளைஞர் பரிமாற்றம், பதின்மூணு வயசிலேருந்து முப்பது வரைக்கும் எண்டு போட்டிருக்கு. அப்ப எங்களுக்கும் போகலாம்தானே?”

போக முடியாது. அதை அவனுக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் ஆயிற்று. அந்தப் பரிமாற்றம் ஐந்து நாளிலிருந்து இருபத்தொரு நாள்வரை நடப்பது. வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடித் தங்குவார்கள். ஆனால் ஒன்றிய நாடுகளும் அதோடு இணைந்த நாடுகளும் சுற்றியிருக்கும் அயல் நாடுகளும் மட்டும்தான் அதில் சேரலாம். மொறோக்கோ அயல், ஜோர்ஜியா அயல், இலங்கை அயல் இல்லை.

இதை வென்னப்புவவில் வைத்து யோசித்தால் இன்னும் விசித்திரம். மிலானில் குடியேறிய அண்ணனுக்கு ஒரு மகள், ஊரில் தங்கிவிட்ட தம்பிக்கு ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் பதினாறு வயது, ஒரே அப்பம்மாவின் பேத்திகள். மிலான் பிள்ளை தன் ஊர் இளைஞர் மன்றத்தோடு போர்த்துக்கலுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வரலாம், செலவு ஒன்றியத்தின் தலையில். வென்னப்புவப் பிள்ளைக்கு அந்தக் கதவு இல்லவே இல்லை. விளையாட்டுக்கு அந்தத் திட்டத்தில் ஒதுக்கியிருப்பதே மொத்தத்தில் 1.9 வீதம்தான், அதுவும் அவர்களுடைய கழகங்களை மனதில் வைத்து எழுதியது.

எங்கள் பக்கம் திறந்திருக்கும் கதவு ஒன்று உண்டு, ஆனால் அது மேல்மாடியில் இருக்கிறது. ‘எராஸ்மஸ் முண்டுஸ்’ கூட்டு முதுமாணிப் படிப்பு. உலகத்தின் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், வயது வரம்பு கிடையாது. புலமைப்பரிசில் கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கூடியது 24 மாதம். குறைந்தது இரண்டு நாட்டிலாவது படிக்க வேண்டும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் முடியும். பாடநெறியை நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கே நேரே அனுப்ப வேண்டும். இதற்குத் தரகர் தேவையே இல்லை. கோப்புக் கட்டணம் என்று யாராவது கை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மேல்மாடி என்று சொன்னேனே, ஏறும் படி இளமாணிப் பட்டம். புத்தளம் மாவட்டத்துக்குத் தன் பெயரில் ஓர் அரச பல்கலைக்கழகம் கிடையாது. 1999இல் வந்த வயம்பப் பல்கலைக்கழகம் குளியாப்பிட்டியிலும் மாகந்துரையிலும், அதாவது குருநாகல் பக்கம். பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்தவை என்று கணக்கிடப்பட்டு 5 வீத ஒதுக்கீடு பெறும் 16 மாவட்டங்களில் புத்தளமும் ஒன்று. அதை வைத்து மேலே ஏறியவர்கள் உண்டு. ஆனால் எந்த மாவட்டத்துப் பிள்ளை என்று தீர்மானிக்க, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எங்கே படித்தது என்று பார்ப்பார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது இந்தக் கரைக்குத்தான். ‘நீ எந்த ஊர்?’ என்ற கேள்வி இங்கே ஒரு படிவத்துக் கேள்வியாக மட்டும் இருந்ததில்லை.

அடுத்த தடை இங்கிலிஸ். இந்த மாவட்டத்துக்கு அது அந்நியமும் இல்லை. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இலேயே இலங்கை கெசற்றியரை இங்கிலிஸில் எழுதி அச்சிட்டவர். தமிழ்ப் புலவர்களைப் பற்றிய ‘தமிழ் புளூட்டாக்’ 1859இல் வந்தது. இன்று களப்போரத்துப் பாடசாலைகளில் இங்கிலிஸ் ஆசிரியருக்குக் காத்திருப்பதே ஒரு பாடம். வெளியுதவி கேட்டால் என்ன? ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மானியத்துக்குப் பாடசாலையே விண்ணப்பிக்கலாம். அதில் கட்டடம் கட்டலாம், கதிரை மேசை, உபகரணம் வாங்கலாம், சம்பளம் கொடுக்க முடியாது. ஆகவே கட்டடம் வரும், ஆசிரியர் வரமாட்டார். ஜப்பானைக் குறை சொல்லவில்லை. சம்பளம் கொடுக்க வேண்டியது எங்கள் அரசு.

உதைபந்தாட்டத்துக்கு வருவோம், புத்தளத்தில் அதைப் பேசாமல் எழுந்திருக்க விடமாட்டார்கள். ஃபிஃபாவின் ‘ஃபோர்வேர்ட்’ திட்டத்தில் 2023–2026 காலத்துக்கு ஒவ்வொரு நாட்டுச் சம்மேளனமும் 8 மில்லியன் டொலர் வரை பெறலாம். இந்தச் சுற்று தொடங்கிய அதே மாதம், 2023 ஜனவரி 21ஆம் திகதி, வெளித் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. தடை நீங்கியது ஓகஸ்ட் முடிவில். இடைப்பட்ட ஏழு மாதமும் சம்மேளனத்துக்கும் அதோடு இணைந்த அமைப்புகளுக்கும் அபிவிருத்தித் திட்டம், பயிற்சிநெறி எதுவும் இல்லை என்று ஃபிஃபா எழுதியே கொடுத்திருந்தது. கொழும்பில் பெரியவர்கள் கதிரைக்கு அடிபட்டதற்கு, பின்னேரம் வெறுங்காலோடு பந்தடிக்கிற பையனும் சேர்ந்து தண்டம் கட்டினான். அவனிடம் யாரும் வாக்குக் கேட்டதில்லை.

இதையெல்லாம் மைதானத்துப் பையனிடம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. பட்டம் எடுத்த பிறகு ஒரு வழி இருக்கிறது, அதுவரைக்கும் இங்கிலிஸை விட்டுவிடாதே என்றேன். இன்னொன்றும் சொன்னேன்: பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பரீட்சைச் சான்றிதழ் நாலிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வை. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் பதிந்து, அதை இங்கிலிஸுக்கு மாற்றிய பெயர்கள் இந்தக் கரையில் ஏராளம். முடிவுத் திகதிக்கு ஒரு கிழமை இருக்கும்போது பிரதேச செயலகத்து வரிசையில் நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

பையன் சிரித்தான். “என்ட பேர் பரவாயில்ல சேர். வாப்பா வடக்குல முசலியிலேருந்து வரக்குள்ள கடதாசி ஒண்டும் எடுத்துட்டு வரல்ல. அவர்ட பேர் மூணு இடத்துல மூணு மாதிரி.”

பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் உருண்டு வந்தது. கைபேசியை என் கையில் திணித்துவிட்டு அதன் பின்னால் ஓடினான்.

(தொடரும்)