அக்கரையில் வேலை: ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில்?

கிளைக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தபோது ஓர் அம்மா என்னிடம் வந்தார். ஜொகூர் பக்கத்துத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். மகன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பெர்மிட்டில் இருக்கிறான்.

“ஐயா, பையனுக்கு வேலையிலே வயித்து வலி வந்திருக்கு. மேலாளு, ‘இங்க ஆஸ்பத்திரிக்குப் போனா ஆயிரக்கணக்குல ஆகும், நீ உன் ஊருக்கே போய்ப் பாத்துக்க’ன்னு அனுப்பிட்டாரு. பஸ்ஸு மாறி, குடிநுழைவு வரிசையில நின்னு, வீடு வந்து சேர ராத்திரி ஆயிடுச்சு. நான் வேற குடல் ஏறிடுச்சின்னு எண்ணெய் போட்டு உருவி விட்டேன்...” என்று சொல்லும்போதே அந்த அம்மாவுக்குக் குரல் அடைத்துவிட்டது.

அது குடலேற்றம் அல்ல, குடல்வால் அழற்சி. நம் ஜனங்கள் ‘அப்பெண்டிக்ஸ்’ என்பார்களே, அதுதான். வலி முதலில் தொப்புளைச் சுற்றித் தொடங்கும். சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிற்கும். சாப்பாடு பிடிக்காது, வாந்தி வரும், காய்ச்சல் அடிக்கும். இப்படி இருந்தால் வயிற்றை உருவுவதோ பேதி மருந்து கொடுப்பதோ கூடவே கூடாது. இந்தப் பையனுக்கு ஜொகூர் பாரு அரசாங்க ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தபோது குடல்வால் வெடித்து, சீழ் உள்ளே பரவியிருந்தது. உயிர் பிழைத்தான். ஆனால் பிழைக்காமல் போனவர்களும் உண்டு, தோழர்களே.

நான் கேட்ட முதல் கேள்வி, “அவனுக்கு முதலாளி காப்புறுதி எடுத்திருப்பாரே, அந்தக் காகிதம் எங்கே?” என்பதுதான். அம்மாவுக்கும் தெரியவில்லை, பையனுக்கும் தெரியவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது!

நமது தோட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் பாலம் தாண்டிப் போகிறார்கள். இங்கே நாம் குடிமக்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மருந்து வாங்குகிறோம். அங்கே அவர்கள் அந்நியத் தொழிலாளர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிங்கப்பூர்க்காரருக்குக் கிடைக்கும் மானியம் இவர்களுக்குக் கிடையாது. முழுக் கட்டணமும் விழும். மேலாளு சொன்ன ‘ஆயிரக்கணக்கு’ பொய்யில்லை. ஆனால் அந்த ஆயிரங்களைப் பையன் கட்ட வேண்டும் என்று நினைக்க வைத்தாரே, அதுதான் தப்பு.

சிங்கப்பூர்ச் சட்டப்படி வேலை பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். மலேசியராக இருந்தாலும் சரி, தினம் வீட்டுக்குத் திரும்புகிறவராக இருந்தாலும் சரி. ஆஸ்பத்திரியில் படுக்கை போட்டுத் தங்குவதற்கும், அன்றே வீடு திரும்பும் அறுவைச் சிகிச்சைக்கும் அது செல்லும். வேலையால் வந்த நோயாக இருக்க வேண்டியதில்லை, குடல்வாலும் சேர்த்திதான். முன்பு ஆண்டுக்குக் குறைந்தது 15,000 சிங்கப்பூர் வெள்ளி என்று இருந்த இந்தக் காப்பு, 2023 ஜூலை 1 முதல் 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. முதல் 15,000 வெள்ளியைக் காப்புறுதி நிறுவனம் முழுசாகக் கொடுக்கும். அதற்கு மேல் வருவதில் நூற்றுக்கு 75 பங்கு நிறுவனம், 25 பங்கு முதலாளி. பில் 35,000 வெள்ளி என்றால் காப்புறுதி 30,000, முதலாளி 5,000. பையன் எங்கே வந்தான் இதில்?

2025 ஜூலை முதல் இன்னொரு மாற்றமும் வந்தது. அதற்கு முன் முதலாளி ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிட்டுப் பிறகு நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கையிலிருந்து போகிறதே என்று ஆளை ஊருக்கு அனுப்புகிற புத்தி சிலருக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்ட வேண்டும்.

காப்புறுதிச் சந்தாவைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சம்பளச் சீட்டில் ‘மெடிக்கல்’ என்று மாதம் இருபது, முப்பது வெள்ளி கழித்திருந்தால் அது எதற்கு என்று கேட்க வேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பைத் தாண்டி வரும் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளி ஏற்பதாக வேலை ஒப்பந்தத்தில் எழுத இடமுண்டு. அதற்கும் எல்லை இருக்கிறது: மாதச் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகக் கூடாது, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது, ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஏஜெண்டு அவசரப்படுத்தினாலும் கையெழுத்துப் போடுமுன் அந்தப் பக்கத்தை ஒரு தரம் படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டச் சொல்லுங்கள். அதில் வெட்கம் என்ன?

வேலையில் அடிபட்டால் கதை வேறு. அதற்குத் தனிச் சட்டம், தனிக் காப்புறுதி. உடலுழைப்பு வேலை செய்யும் எல்லாருக்கும், சம்பளம் எவ்வளவானாலும், முதலாளி அதையும் எடுக்க வேண்டும். மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்புச் சம்பளம், நிரந்தர ஊனத்துக்கு ஈட்டுத் தொகை எல்லாம் அதில் வரும். விபத்து நடந்து ஓராண்டுக்குள் கேட்டுவிட வேண்டும்.

இங்கேதான் நம் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். நமக்கு சொக்சோ இருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் விழுந்தாலும் சொக்சோ பார்க்கும். அதே எண்ணத்தில் பிள்ளை விடியற்காலை நாலு மணிக்கு மோட்டாரில் பாலத்துக்குப் பறக்கிறான். சிங்கப்பூர்ச் சட்டத்தில், முதலாளி அனுப்பும் வண்டியில் போகும்போது அடிபட்டால்தான் அது வேலை விபத்து. சொந்த மோட்டாரில் விழுந்தால் சேராது. அங்கத்து முதலாளி நமது சொக்சோவுக்குச் சந்தா கட்டுவதும் இல்லை. ஆகவே மோட்டாரில் போகிற பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு விபத்துக் காப்புறுதி எடுத்து வைப்பது வீண் செலவு இல்லை. நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது இது ஒன்றுதான். மற்றவை முதலாளி பொறுப்பு.

டிப்ளோமா, டிகிரி முடித்து எம்ப்ளாய்மெண்ட் பாஸில் போகிற பிள்ளைகளுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது! பெரிய சம்பளம் என்று சந்தோஷப்பட்டு விடுகிறோம். கம்பெனி காப்புறுதி கொடுக்கிறதா, எவ்வளவுக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் சொந்தமாக எடுக்க வேண்டும்.

அங்கேயே நிரந்தரவாசி ஆகிவிட்ட பிள்ளைகளுக்கு மெடிஷீல்டு லைஃப் தானாகவே வந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. 2015 நவம்பரில் தொடங்கிய திட்டம். சந்தாவை மெடிசேவ் கணக்கிலிருந்தே கட்டலாம். இதற்கு மேல் தனியார் நிறுவனங்களின் கூடுதல் திட்டங்களை ஏஜெண்டுகள் கொண்டு வருவார்கள். உயர்ந்த வகுப்பு வார்டு, தனியார் ஆஸ்பத்திரி என்று ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கூடுதல் பகுதிக்கு நாற்பது வயது வரை ஆண்டுக்கு 300 வெள்ளிதான் மெடிசேவிலிருந்து எடுக்கலாம், மிச்சம் கைக்காசு. வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறும். இருபத்தெட்டு வயதில் கட்ட முடிவதை ஐம்பத்தெட்டிலும் கட்ட முடியுமா என்று கணக்குப் பார்த்துத்தான் சேர வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டு போதும் என்பவருக்கு அடிப்படைத் திட்டமே பெரும்பாலும் போதும் என்பது என் அபிப்பிராயம்.

நம் தோட்டத்துக்கு வந்திருக்கும் இந்தோனேசிய, வங்காளதேச ஆட்களையும் நினைத்துப் பாருங்கள். நமது நாட்டில் 2011-ல் அந்நியத் தொழிலாளர்களுக்கு ஆஸ்பத்திரிக் காப்புறுதி கட்டாயமானபோது தோட்டத் துறைக்கு விலக்குக் கொடுத்து, விருப்பத்துக்கு விட்டார்கள். நம் பிள்ளை அங்கே நிற்கும் வரிசையில்தான் அவர்கள் இங்கே நிற்கிறார்கள்.

அந்த அம்மாவின் பையனுக்கு இன்னொரு நஷ்டமும் வந்தது. மருத்துவ விடுப்புச் சம்பளம் கிடைக்கச் சிங்கப்பூரில் பதிவான டாக்டரின் சீட்டு வேண்டும். ஜொகூர் பாரு டாக்டரின் சீட்டை ஏற்பதும் மறுப்பதும் முதலாளி இஷ்டம். மறுத்துவிட்டார்கள். மூன்று வாரச் சம்பளம் போயிற்று. அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் வயிறும் பிழைத்திருக்கும், சம்பளமும் பிழைத்திருக்கும்.

எனவே அக்கரையில் பிள்ளை இருக்கும் தாய்மார்கள் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். காப்புறுதி நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், முடியும் தேதி மூன்றையும் முதலாளியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். பெர்மிட் எண்ணோடு சேர்த்து ஒரு தாள் வீட்டில், ஒரு தாள் அவன் பையில். நெஞ்சு வலி, கடும் வயிற்று வலி, மயக்கம் என்றால் மேலாளிடம் உத்தரவு கேட்டு நிற்காமல் அங்கேயே அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். பில்லைப் பற்றி முதலாளி தகராறு செய்தால் அங்கத்து மனிதவள அமைச்சில் புகார் செய்யலாம். ஒப்பந்தத்தில் ஏதாவது விளங்கவில்லையென்றால் நகலைக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள். அடுத்த கூட்டத்தன்று உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம்.